பாப்பா பாலைக் கக்கிட்டே இருக்குதுங்களா? பயப்படோணுமா வேண்டாமான்னு ஒரு விளக்கம்

பொறந்து ரெண்டு மூணு மாசமான கைக்கொழந்தை இருக்கற ஊட்டுக்குப் போனீங்கன்னா, அந்தம்மா தோள்ல எந்நேரமும் ஒரு துண்டு கெடக்கும், பொடக்காளிக் கொடியில துணி வரிசையாக் காயும், கொழந்தையக் கையில வாங்குனா கழுத்து மடிப்புல லேசாப் புளிச்ச பால் வாசம் அடிக்கும். கோயமுத்தூர் அபார்ட்மெண்டா இருந்தாலுஞ் சரி, தாராபுரம் பக்கம் தோட்டத்துச் சாளையா இருந்தாலுஞ் சரி, பால் கக்கற கொழந்தை இருந்தா ஊடு இப்படித்தானுங்க இருக்கும். ஆனா மொதக் கொழந்தை பெத்தவங்களுக்கு இது தெரியாது. குடிச்சதெல்லாம் வெளிய வந்துருச்சே, வயித்துல ஏதோ கோளாறு போல, எம்பால்ல சத்தில்ல போலன்னு ராத்திரி பூரா ஃபோனைத் தடவீட்டு உக்காந்துக்குவாங்க. அவங்களுக்காகத்தான் இதை எழுதறேன். கொழந்தை எதுக்குக் கக்குது, எந்த அளவு கக்குனா சரி, எப்படிக் கொறைக்கலாம், எதைப் பாத்தா யோசிக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடோணும், இவ்வளவுதான் விசயம்.

மொதல்ல கக்கறதும் வாந்தியும் வேற வேறங்க. இது ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்கறதுனாலதான் பாதி பயமே வருது. கக்கறதுன்னா பாப்பா கம்முனு படுத்துட்டு இருக்கும், இல்ல தோள்ல சாஞ்சுட்டு இருக்கும், வாய் ஓரமாப் பால் வழியும், சில சமயம் ஒரு ஏப்பத்தோட பொளக்குனு ஒரு வாய் வரும், அதுபாட்டுக்குக் கையக் கால ஆட்டீட்டுச் சிரிச்சுக்கிட்டே இருக்கும், அதுக்கு ஒண்ணுமே ஆகலை. வாந்தின்னா அப்படி இல்லீங்க. வயிறு சுருங்கும், ஓங்கரிக்கும், மொகம் செவக்கும், வேகமா நெறைய வரும், எடுத்து முடிச்சதும் அழுகும் இல்லீனா சோந்து போயிரும். எதுக்களிக்கறது, கக்கறது, டாக்டர் சொல்ற ரிஃப்ளக்ஸ் எல்லாம் மொத வகை. நாம பேசறது பெரும்பாலும் அதைப் பத்தித்தான், வாந்திக்குக் கடைசியில வாரேன்.

இப்ப எதுக்குக் கக்குதுன்னு பாக்கலாம். வாயில இருந்து பால் எறங்கற கொழாய் உணவுக்குழாய், அது போய்ச் சேர்ற எடம் இரைப்பை. இது ரெண்டும் சேர்ற எடத்துல வளையமா ஒரு தசை இருக்குது. பெரியவங்களுக்கு அது சாப்பாடு எறங்கறப்ப மட்டுந் தொறந்துட்டு மத்த நேரம் இறுக்கி மூடிக்கும். கைக்கொழந்தைக்கு அந்தத் தசை இன்னும் பக்குவப்படல, அது வாட்டுக்கு அப்பப்ப சித்த நேரம் லூசாயிருது. கீழ்பவானி வாய்க்காப் பாசனம் பாக்கறவங்களுக்குச் சொன்னா உடனே புரியும், மடையில பலகை சரியா உக்காரலைன்னா அடைச்ச தண்ணி சந்துல கசிஞ்சுட்டேதான இருக்கும், அதேதானுங்க இது. பலகை ஒடைஞ்சு போச்சுன்னு அர்த்தமில்ல, இன்னும் சரியா உக்காரல, அவ்வளவுதான்.

அந்தத் தசை மட்டுந்தான் காரணம்னும் சொல்ல முடியாதுங்க. கொழந்தைக்கு உணவுக்குழாயே கட்டையா இருக்கும், வயிறும் சிறுசு. பொறந்த மொத நாள் சீம்பால் சில ஸ்பூனு எறங்குனாலே போதும், ஒரு மாசம் ஆகறப்ப ஒரு தடவைக்கு 80ல இருந்து 150 மில்லி வரைக்கும் புடிக்கும். அத்தனையும் தண்ணியாட்டப் பால்தான், கெட்டியான சோறு ஒண்ணுங் கெடையாது, அதுக்கு மேல நாள்ல முக்காவாசி நேரம் மல்லாக்கப் படுத்தே கெடக்குது. இதோட பால் குடிக்கறப்பக் காத்தும் உள்ள போகும், அந்தக் காத்து மேல ஏப்பமா வர்றப்பப் பாலையும் கூடவே இழுத்துட்டு வந்துரும். இத்தனையும் ஒட்டுக்கா வெச்சுப் பாத்தா, கக்காத கொழந்தையப் பாத்துத்தான் ஆச்சரியப்படோணும்.

கக்குன பால் சில சமயம் குடிச்சது மாதிரியே வரும், சில சமயம் தயிராட்டக் கட்டி கட்டியா வரும். கட்டியா வந்தா ஊட்டுல பெரியவங்க "பால் ஜீரணம் ஆகலை, கெட்டுப் போச்சு"ன்னு சொல்லுவாங்க. அது தப்புங்க. இரைப்பையில அமிலமும் நொதியும் இருக்குது, பால் அதுல பட்டா திரியத்தான் செய்யும், ஜீரணமே அப்படித்தான் ஆரம்பிக்குது. குடிச்ச உடனே வந்தா பாலா வரும், அரை மணி முக்கா மணி கழிச்சு வந்தா திரிஞ்சு வரும். மூக்கு வழியா வர்றதும் உண்டு, மூக்கும் வாயும் உள்ளுக்குள்ள ஒண்ணாத்தான் சேருது. பாக்கறதுக்குத்தான் பகீர்னு இருக்கும், தொடைச்சு விட்டு ஒருக்களிச்சுப் புடிச்சாப் போதும்.

இது எத்தனை கொழந்தைக்கு வருதுன்னு தெரிஞ்சா மனசு லேசாகும். 1997ல அமெரிக்காவுல சிகாகோ பக்கம் நல்லா ஆரோக்கியமா இருக்கற கொழந்தைகளோட அப்பா அம்மாகிட்டக் கேட்டு ஒரு ஆய்வு வந்துச்சு. மூணு மாசத்துக்குள்ள இருக்கற கொழந்தைகள்ல பாதிப் பேரு தெனமும் ஒரு தடவையாவது கக்கறாங்க, நாலாவது மாசத்துல அது 67 சதவீதம் வரைக்கும் ஏறுது, அப்புறம் மளமளன்னு எறங்கி பத்து பன்னெண்டு மாசத்துல 5 சதவீதத்துக்கு வந்துருது. அதனால ரெண்டு மாசத்துல இருந்ததை விட நாலு மாசத்துல எச்சாக் கக்குனா நோவு முத்திப் போச்சுன்னு நெனைக்க வேண்டியதில்ல. உச்சமே அப்பத்தான். பெரும்பாலும் ரெண்டு மாசத்துக்குள்ள ஆரம்பிச்சு, பத்துல ஒம்பது கொழந்தைக்கு ஒரு வயசுக்குள்ள தானா நின்னுரும்.

சரி, "குடிச்சதெல்லாம் வெளிய வந்துருது"ன்னு சொல்றாங்களே, அதுக்கு ஒரு வேலை பண்ணிப் பாருங்க. பாலாடையில இல்லீனா மருந்து ஊத்தற மூடியில 10 மில்லி பால் எடுத்து ஈரோட்டுத் துண்டு ஒண்ணை மடிச்சு வெச்சு அது மேல ஊத்துங்க. சித்த நேரம் விட்டுட்டுப் பாத்தா உள்ளங்கை அகலத்துக்கு மேல நனைஞ்சு பரவியிருக்கும். வெறும் ரெண்டு டீஸ்பூனுங்க அது. அதே துண்டுல 30 மில்லி ஊத்துனா அரைத் துண்டு நனைஞ்ச மாதிரித் தெரியும். துணியில பாக்கறப்ப எப்பவுமே எச்சாத்தான் தெரியும், அதுவும் எச்சிலோட கலந்து வர்றப்ப இன்னும் எச்சா. 80 மில்லி குடிச்சு 10 மில்லி கக்குச்சுன்னா 70 உள்ளதானுங்க இருக்குது.

அதனால கக்கறதை வெச்சுக் கணக்குப் போடவே கூடாதுங்கறதுதான் நான் சொல்ல வர்றது. துணியப் பாக்காதீங்க, எடையப் பாருங்க, மூத்திரத்தைப் பாருங்க. பொறந்த மொத வாரம் கொழந்தை எடை கொஞ்சம் கொறையும், ரெண்டு வாரத்துக்குள்ள பழைய எடைக்கு வந்துரும். அதுக்கப்புறம் மொத மூணு மாசம் ஒரு நாளைக்கு சராசரியா 20ல இருந்து 30 கிராம் ஏறோணும். அஞ்சு மாச வாக்குல பொறந்த எடையப் போல ரெண்டு மடங்கு, ஒரு வயசுல மூணு மடங்கு. மொத வாரம் தாண்டுன கொழந்தை நாளைக்கு ஆறு தடவையாவது நல்லா ஒண்ணுக்குப் போகோணும், அதுவும் வெளுத்த நெறத்துல. இது ரெண்டும் சரியா இருந்தா நாளைக்குப் பத்துத் துணி நனைச்சாலுஞ் சரி, அது நல்லாத்தான் வளருது. எடை போடறதுக்குத் தனியா அலைய வேண்டியதில்ல, ஆறாவது, பத்தாவது, பதினாலாவது வாரம் எப்படியும் ஊசிக்குப் போவீங்கள்ல, அங்கயே எடை போட்டு அட்டையில எழுதச் சொல்லுங்க. நடுவுல சந்தேகம்னா அங்கன்வாடியில, கிராம நர்ஸம்மாகிட்ட, ஆரம்ப சுகாதார நிலையத்துல எங்க போனாலும் போட்டுக் குடுப்பாங்க. ஒரே தராசுல போடறது நல்லது, ஒவ்வொரு தராசும் ஒவ்வொண்ணு காட்டும், அதைப் பாத்துட்டு 100 கிராம் கொறைஞ்சு போச்சுன்னு அழுகறவங்களும் இருக்காங்க.

இதுல அம்மாவ வையறது இருக்குது பாருங்க, அதை நெனைச்சாத்தான் எனக்குக் கோவம் வரும். பொறந்த ஊட்டுல அம்மாயி ஒண்ணு சொல்லும், மாமியா ஊட்டுல அப்பத்தா ஒண்ணு சொல்லும், ரெண்டும் சேர்ற ஒரே எடம் "நீ கண்டதைத் தின்னதுனாலதான் கொழந்தை கக்குது"ங்கறதுதான். பிரசவம் ஆனவளுக்குச் செலவு ரசமும் பூண்டுக் கொழம்பும் வெச்சுத் தர்றது நல்ல பழக்கந்தான், அதுல ஒண்ணுந் தப்பில்ல, ஆனா அவ ஒரு வாழைப்பழம் தின்னா கொழந்தை கக்கும், தேங்காச் சட்னி தொட்டா கக்கும், மதியம் தண்ணி எச்சாக் குடிச்சா கக்கும்னு ஒவ்வொண்ணா நிறுத்துனா கடைசியில அவ வெறுஞ் சோறும் ரசமுந்தான் திங்கோணும். தாய் சாப்பாட்டுக்கும் சாதாரணமாக் கக்கறதுக்கும் சம்மந்தமில்லீங்க. ஒரே ஒரு விதிவிலக்கு இருக்குது, பால் அலர்ஜி, அதைக் கீழ சொல்றேன்.

கக்கறதைக் கொறைக்க என்ன பண்ணலாம்

முழுசா நிறுத்த முடியாது, கொறைக்கலாம். மொத வேலை, ஒரே மூச்சுல வயிறு முட்டக் குடிக்க வெக்காம அளவாக் குடுக்கறது. தாய்ப்பால் குடிக்கற கொழந்தை போதும்னா தானா மார விட்டுரும், மொகத்தைத் திருப்பிக்கும், கை வெரலெல்லாம் தளர்ந்து விரிஞ்சுக்கும், அதுக்கு மேலயும் வாயில திணிக்க வேண்டாம். அழுகறதெல்லாம் பசின்னு நெனைச்சு கால்மணிக்கு ஒருக்கா மார்ல வெச்சுட்டே இருந்தா வயிறு நெறஞ்சு வழியத்தான் செய்யும். பாட்டில்லயோ சங்குலயோ பால் குடுக்கறவங்களுக்குத்தான் அளவு தாண்டறது எச்சா நடக்குது. பவுடர் பால் குடிக்கற சின்னக் கொழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு நாளைக்குச் சுமாரா 150 மில்லின்னு டாக்டருங்க கணக்குச் சொல்லுவாங்க. 4 கிலோ கொழந்தைன்னா 600 மில்லி, எட்டு வேளையாப் பிரிச்சா வேளைக்கு 75. டப்பாவுல போட்டிருக்கற அளவுல 120 கலக்கீட்டமேன்னு மிச்சத்தையும் ஊத்தி முடிச்சா அது வெளியதான் வரும். சத்துக்காகட்டும்னு ஒரு கரண்டி பவுடரை எச்சாப் போட்டுக் கெட்டியாக் கலக்கறதும் கூடாது, கட்டுப்படியாகலைன்னு தண்ணி எச்சா ஊத்தறதும் கூடாது. எத்தனை தண்ணிக்கு எத்தனை கரண்டி பவுடர்னு டப்பாவுல என்ன போட்டிருக்குதோ அதேதான்.

மார்ல புடிக்கறது சரியா இருந்தா காத்து உள்ள போறது கொறையும். காம்ப மட்டும் சப்புனா போதாது, அதைச் சுத்தி இருக்கற கருப்பு வட்டமும் முக்காவாசி வாய்க்குள்ள போகோணும், கொழந்தை ஒதடு வெளிப்பக்கமா மலந்து இருக்கோணும், மோவாய் மார்ல பட்டுட்டு இருக்கோணும். சப்பறப்ப டொக்கு டொக்குனு சத்தம் வந்தா காத்து போகுதுன்னு அர்த்தம், சுண்டு வெரலை வாய் ஓரமா விட்டு எடுத்து மறுக்காப் புடிக்க வைங்க. சில பேத்துக்குப் பால் பீச்சி அடிக்கும், கொழந்தை மெரண்டு மடக்கு மடக்குனு முழுங்கிப் பொரையேறும். அவங்க மொதல்ல வர்ற வேகப் பாலைக் கொஞ்சம் ஒரு துணியில பீச்சி விட்டுட்டு, பொறவு நல்லாச் சாஞ்சு உக்காந்துட்டு கொழந்தைய மேல போட்டுக் குடுத்தா வேகம் அடங்கும்.

அப்புறம் ஏப்பம். எல்லாருஞ் சொல்றதுதான், ஆனா எப்படின்னு காட்டிக் குடுக்க ஆள் இல்லாம முதுகுல டமடமன்னு அடிக்கறவங்க நெறையங்க. தோள்ல துண்டைப் போட்டுக்கோங்க, கொழந்தையோட மோவாய் உங்க தோள் மேல வர்ற அளவுக்கு ஒசரத் தூக்கி நெஞ்சோட அணைச்சுக்கோங்க, ஒரு கை பிட்டத்தைத் தாங்கோணும், இன்னொரு கையக் குழிவா வெச்சு முதுகுல கீழ இருந்து மேல மெதுவாத் தட்டுங்க இல்லீனா தடவுங்க. இது சரிவரலைன்னா மடியில பக்கவாட்டுல உக்கார வெச்சு, கட்டை வெரலும் ஆள்காட்டி வெரலும் தாடைய ரெண்டு பக்கமும் தாங்க, உள்ளங்கையை நெஞ்சுல குடுத்து லேசா முன்னால சாச்சுப் புடிச்சுட்டு மறு கையில முதுகைத் தடவுங்க. தொண்டைய அமுக்கிரக் கூடாது, தாடை எலும்பைத்தான் புடிக்கோணும். ஒரு பக்க மார் முடிஞ்சதும் ஒரு தடவை, ரெண்டாவது பக்கம் முடிஞ்சதும் ஒரு தடவை. அஞ்சு நிமிசம் தட்டியும் வரலைன்னா விட்டுருங்க, எல்லா வேளையும் ஏப்பம் வந்தே தீரோணும்னு சட்டமில்ல.

பால் குடிச்சு முடிச்சு 20ல இருந்து 30 நிமிசம் கொழந்தைய நிமுத்தி வெச்சிருக்கறது நல்லா வேலை செய்யுது. அந்த நேரத்துல ஊட்டு ஆம்பளைங்ககிட்டக் குடுங்க, அப்பாரு மடியில சாஞ்சுட்டு டிவி பாக்கட்டும், அம்மாவுக்கும் எந்திரிச்சு ஒரு வாய் சாப்பிட நேரங் கெடைக்கும். குடிச்ச கையோட தூக்கிப் போட்டுப் புடிக்கறது, குலுக்கி வெளையாடறது, டூவீலர்ல ஸ்பீடு பிரேக்கர்ல ஏத்தி எறக்கறது, இதெல்லாம் செஞ்சா கக்காம என்ன பண்ணும். டயப்பர் எலாஸ்டிக்கை வயித்து மேல இறுக்கி ஒட்டாதீங்க, அரைஞாண் கயிறு இறுக்கமா இருந்தாலும் தளத்தி விடுங்க. குளிக்க ஊத்தறது பால் குடுக்கறதுக்கு முன்னாடியே இருக்கட்டும். நம்ம பக்கம் கால் மேல போட்டு எண்ணெய் தேச்சு நீவி விட்டு ஊத்தறாங்கள்ல, நெறஞ்ச வயித்தோட கவுத்துப் போட்டு முதுகை நீவுனா குடிச்சது அத்தனையும் அந்தப் பாட்டி கால்லயே வந்துரும். ஊட்டுக்குள்ள பீடி சிகரெட் பொகை கூடவே கூடாது, சாம்பிராணிப் பொகையும் மூஞ்சிக்கு நேரா வேண்டாம்.

துணி விசயத்துல மட்டும் நம்மாளுங்களுக்குக் கவலையில்லீங்க. திருப்பூர்க்காரங்க ஊட்டுல பனியன் கட்பீஸ் மூட்டையாக் கெடக்கும், பருத்தித் துணியாப் பாத்து எடுத்து ஒரு தடவை கொதிக்கற தண்ணியில போட்டு அலசிக் காய வெச்சுட்டா, கடையில விக்கற பர்ப் கிளாத்தை விட நல்லா உறிஞ்சும். கக்குன துணிய மொதல்ல பச்சத் தண்ணியில அலசோணும், சுடுதண்ணியில போட்டா பால் பிடிச்சுக்கிட்டு அந்த வாசம் போகவே போகாது. கொழந்தையோட கழுத்து மடிப்பையும் காது பின்னாலயும் ஈரத்துணியில தொடைச்சு ஈரமில்லாம ஒத்தி எடுங்க, அங்க பால் தங்குனா புண்ணாயிரும்.

படுக்க வெக்கறப்ப

இந்த எடத்துல நெறையப் பேரு தப்பு வழியில போறாங்க, அதனால கொஞ்சம் வெவரமாவே சொல்றேன். கக்கற கொழந்தைய மல்லாக்கப் படுக்க வெச்சாப் பால் தொண்டையில அடைச்சுக்கும், ஒருக்களிச்சோ கவுந்தோ போடோணும்னு ஊர் பூராச் சொல்லுவாங்க. கேக்கறதுக்கு நாயமாத்தான் இருக்குது. ஆனா உடம்பு அமைப்பு வேற மாதிரிங்க. மூச்சுக்குழாய் முன்னால இருக்குது, உணவுக்குழாய் அதுக்குப் பின்னால முதுகுப் பக்கமா இருக்குது. கொழந்தைய மல்லாக்கப் போட்டா மூச்சுக்குழாய் மேல வந்துருது, உணவுக்குழாய் அடியில போயிருது. அப்பப் பால் எதுக்களிச்சு வந்தா அது அடியில இருக்கற கொழாயிலயே தேங்கி நிக்கும், மேல இருக்கற மூச்சுக்குழாய்க்குள்ள போகோணும்னா மேடு ஏறோணும். கவுத்துப் போட்டா தலைகீழாயிருது, உணவுக்குழாய் மேல, மூச்சுக்குழாய் அடியில, வர்ற பால் நேரா மூச்சுக்குழாய் வாசல்ல வந்து எறங்கும். அதுக்கு மேல, கொழந்தைக்கு முழுங்கறதும் இருமறதும் தானா வரும்.

அமெரிக்காவுல 1994ல கொழந்தைகளை மல்லாக்கவே தூங்க வைங்கன்னு பெரிய பிரச்சாரம் பண்ணுனாங்க. அதுக்குப் பொறவு தூக்கத்துலயே கொழந்தை திடீர்னு எறந்து போறது பாதிக்கு மேல கொறைஞ்சுது, பால் அடைச்சுச் சாகறதும் எச்சாகல. அதனால பகலோ ராத்திரியோ, கக்கற கொழந்தையா இருந்தாலும் மல்லாக்க, சமமான கெட்டியான படுக்கையில. தலைக்கு அடியில தலகாணி வெச்சு ஒசத்தறது, மெத்தைக்கு ஒரு பக்கம் முட்டுக் குடுக்கறது எல்லாம் வேண்டாம், கொழந்தை சறுக்கிக் கீழ வந்து மோவாய் நெஞ்சுல ஒட்டுனா மூச்சு மட்டுப்படும். சேலைத் தொட்டில்ல இதே தொந்தரவு இருக்குது, உடம்பு வில்லாட்ட வளைஞ்சு கழுத்து மடங்கும், வயிறும் அமுங்கும். தொட்டில் இல்லாம நம்மூர்ல கொழந்தை வளத்த முடியுமான்னு கேப்பீங்க, புரியுது. பால் குடிச்ச உடனே போட வேண்டாம், முழிச்சு ஆள் பக்கத்துல இருக்கறப்ப மட்டும் போடுங்க, ராத்திரித் தூக்கம் கட்டாந்தரையில விரிச்ச ஜமக்காளத்துலயோ கெட்டி மெத்தையிலயோ இருக்கட்டும். ராத்திரி படுத்துட்டே பால் குடுக்கறவங்க குடுத்து முடிச்சதும் கொழந்தைய மல்லாக்கத் திருப்பிப் போட்டுருங்க.

எதைக் குடுக்க வேண்டாம்

கிரைப் வாட்டர் இல்லாத ஊடு இல்ல. 1851ல இங்கிலாந்துல வில்லியம் உட்வர்டுங்கறவர் கொண்டு வந்தது, அந்தக் காலத்துல அதுல ஆல்கஹால் எல்லாம் இருந்துச்சு, இப்ப இல்லைன்னு டப்பாவுலயே போட்டு விக்கறாங்க. இனிப்பா இருக்கறதுனால கொழந்தை சப்புக் கொட்டீட்டு அழுகைய நிறுத்தும், மத்தபடி கக்கறதை அது நிறுத்தாது. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பாலைத் தவிர தண்ணி கூட வேண்டாம்னுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. கெட்டியாக் குடுத்தா வயித்துல நிக்கும்னு மூணாம் மாசமே ராகிப்பால், நேந்திரங்காய்ப் பொடி, அரிசிக் கஞ்சின்னு ஆரம்பிக்கறாங்க, அதுவும் வேண்டாம். காங்கேயம் மாட்டுப் பாலா இருந்தாலும் ஒரு வயசுக்குள்ள மாட்டுப் பாலைக் குடிக்கக் குடுக்கறது சரியில்லீங்க. தேன் ஒரு வயசு வரைக்கும் தொடவே கூடாது, அதுல இருக்கற ஒரு கிருமியோட வித்து கொழந்தை கொடல்ல மொளச்சு விசத்தை உண்டாக்கலாம்.

வசம்பு விசயத்துல அம்மாயிமாரு எம்மேல கோவிச்சுக்குவாங்க. உரை மருந்துல வசம்பு, ஜாதிக்கா, மாசிக்கா எல்லாம் ஒரசிக் குடுக்கறது நம்ம பக்கம் தலைமுறை தலைமுறையா இருக்கற பழக்கந்தான், ஆனா வசம்புல பீட்டா அசரோன்னு ஒண்ணு இருக்குது, அது நல்லதில்லைன்னு அமெரிக்காவுல 1968லயே சாப்பாட்டுல சேக்கத் தடை போட்டுட்டாங்க. ஒரசுன கல்லும் கையும் எவ்வளவு சுத்தமோ, அதுவும் ஒரு கேள்வி. கையில வசம்பு வளையல் கட்டி விட்டா அதைக் கொழந்தை சப்பீட்டே இருக்கும், யோசிச்சுக்கோங்க.

இதை எல்லாத்தையும் விட மோசம் "கொடல் ஏறிருச்சு"ன்னு சொல்லிக் கால புடிச்சுத் தலைகீழாத் தூக்கித் தட்டறது, கோழை எடுக்கறேன்னு தொண்டைக்குள்ள வெரலை விடறது, மூக்குல எண்ணெய் ஊத்தறது. கொடல் ஏறறதுன்னு ஒண்ணு கெடையாதுங்க. குலுக்குனா மூளையில ரத்தம் கசியலாம், எண்ணெய் நுரையீரலுக்குப் போனா நிமோனியா வரும். சுத்திப் போடறீங்களா, தாராளமாப் போடுங்க, அதுல கொழந்தைக்கு ஒண்ணும் ஆகாது, மொளகாப் பொகை மட்டும் அங்கிட்டு இருக்கட்டும்.

மருந்துக்கடையில கேட்டு வாந்தி நிக்கற சொட்டு மருந்து வாங்கறதும் வேண்டாம். நல்லா எடை ஏறிச் சிரிச்சு வெளையாடற கொழந்தைக்கு அமிலத்தைக் கொறைக்கற மருந்து தேவையே இல்ல, அது அமிலத்தைக் கொறைக்குமே தவிர பால் மேல வர்றதை நிறுத்தாது. நல்ல கொழந்தை டாக்டர்னா பரிசோதிச்சுப் பாத்துட்டு "ஒண்ணும் மருந்து வேண்டாம்மா, போயிட்டு வாங்க"ன்னு சொல்லுவாரு. மருந்து எழுதலைன்னு அவரு மேல கொறைப்பட்டுட்டு வேற டாக்டரைத் தேடிப் போறது நம்மாளுங்க வழக்கம்.

எப்ப ஓடோணும்

பச்சை நெறத்துல வாந்தி வந்தா உடனே போகோணும். பித்தநீர் கலந்து பச்சையா வருதுன்னா கொடல்ல அடைப்பு இருக்கலாம், கொடல் முறுக்கிக்கிட்டா சில மணி நேரத்துல ரத்த ஓட்டம் நின்னு கொடலே அழுகிரும். காலைல பாக்கலாம்னு இருக்காதீங்க, ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் 108க்கு அடிச்சு கொழந்தை சர்ஜன் இருக்கற பெரிய ஆஸ்பத்திரியாப் போங்க. வாந்தியில ரத்தமோ காப்பித் தூளாட்டக் கருப்போ வந்தாலும் அப்படித்தான் (காம்பு வெடிச்சிருந்தா அம்மாவோட ரத்தம் கூட கொழந்தை வயித்துக்குள்ள போய் வெளிய வரும், அதையும் டாக்டர்கிட்டச் சொல்லுங்க).

ரெண்டு மூணு வாரம் வரைக்கும் நல்லா இருந்த கொழந்தை, பொறவு ஒவ்வொரு வேளையும் குடிச்சு முடிச்சதும் ரெண்டு அடி தள்ளிப் போய் விழற மாதிரிப் பீச்சி அடிச்சு வாந்தி எடுக்குது, எடுத்த கையோட மறுபடியும் பசிச்சு அழுகுது, எடை ஏறல, ஒண்ணுக்குக் கொறையுதுன்னா, இரைப்பையோட கீழ்வாசல் தசை தடிச்சுப் போய் வழி அடைபட்டு இருக்கலாம். இது பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள்ள தெரிய ஆரம்பிக்கும், பொட்டப்புள்ளைகளை விடப் பசங்களுக்கு எச்சா வருது. வயித்து ஸ்கேன்லயே தெரிஞ்சுரும். ஜெர்மனி டாக்டர் கான்ராட் ராம்ஸ்டெட் 1912ல வெளியிட்ட முறையிலதான் இன்னைக்கும் ஆபரேஷன் பண்றாங்க, தடிச்ச தசைய மட்டும் கீறி விட்டுருவாங்க, பண்ணுனா முழுசாச் சரியாயிரும்.

இன்னும் சிலது இருக்குது. வயிறு உப்பிக் கல்லாட்ட இருக்கறது, உச்சிக்குழி பொடைச்சு நிக்கறது, மூணு மாசத்துக்குள்ள இருக்கற கொழந்தைக்குக் காய்ச்சல் 100.4 டிகிரி தொடறது, எழுப்புனாலும் முழிக்காம தொவண்டு கெடக்கறது, எட்டு மணி நேரமா டயப்பர் நனையாம இருக்கறது, பால் குடிக்கவே மாட்டேன்னு மொகத்தைத் திருப்பி முதுகை வளைச்சுக் கத்தறது, ஆறு மாசம் வரைக்கும் கக்காத கொழந்தை அதுக்குப் பொறவு புதுசா ஆரம்பிக்கறது. இதுல எது இருந்தாலும் டாக்டரைப் பாத்துருங்க. கக்கறதோட எடையும் ஏறாம, இருமலும் மூச்சு எளைப்பும் வந்துட்டே இருந்தா அது சாதாரண ரிஃப்ளக்ஸைத் தாண்டி நோவாயிருச்சுன்னு அர்த்தம், அதுக்குத்தான் மருந்தெல்லாம்.

பால் பொரையேறி அழுக முடியாம, சத்தம் வராம, ஒதடு நீலமாச்சுன்னா முன்னங்கை மேல கவுத்துத் தலை தாழ்வா இருக்கறாப்ல புடிச்சு, ரெண்டு தோள்பட்டைக்கு நடுவுல உள்ளங்கை அடியால 5 தட்டு தட்டுங்க. சரியாகலைன்னா மல்லாக்கத் திருப்பி நெஞ்செலும்பு நடுவுல 5 அமுக்கு, மறுபடி 5 தட்டு. இன்னொருத்தர் அதுக்குள்ள 108க்கு அடிக்கோணும். இருமுது, அழுகுதுன்னா இது வேண்டாம், அதுவே சரி பண்ணிக்கும்.

பால் அலர்ஜி சொல்றேன்னு சொன்னனில்லீங்களா. கக்கறதோட சேந்து மலத்துல ரத்தமோ சளியோ வர்றது, தோல் செவந்து சொரசொரன்னு படை வர்றது, எந்நேரமும் அழுகறது, இதெல்லாம் ஒண்ணா இருந்தா மாட்டுப்பால் புரதம் ஒத்துக்காம இருக்கலாம். அம்மா குடிக்கற பால், தயிர், மோர், நெய்யில இருந்து தாய்ப்பால் வழியாக் கொஞ்சம் கொழந்தைக்குப் போகும். டாக்டர் பாத்துட்டு ரெண்டுல இருந்து நாலு வாரம் இதையெல்லாம் நிறுத்திப் பாக்கச் சொல்லுவாரு, அடங்குச்சுன்னா மறுபடி குடுத்துப் பாத்து உறுதி பண்ணுவாரு. தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்ல. நீங்களா இதை ஆரம்பிச்சுராதீங்க, பிள்ளை பெத்தவளுக்குச் சுண்ணாம்புச் சத்தும் வேணும்.

ஆறாம் மாசம் இட்லியும் பருப்புச் சாதமும் மசிச்சு ஊட்ட ஆரம்பிச்சு, கொழந்தையும் உக்காரப் பழகுச்சுன்னா கக்கறது கண்ணுக்குத் தெரியக் கொறையும். சில கொழந்தை தவக்கறப்ப வயிறு தரையில அமுங்கி மறுபடி கொஞ்ச நாள் எச்சாக் கக்கும், அதுவும் போயிரும். ஒரு வயசு தாண்டியும் தெனம் கக்கீட்டே இருந்தா மட்டும், எடை நல்லா இருந்தாலும், ஒரு தடவை கொழந்தை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போய்க் காட்டீட்டு வந்துருங்க.